அர்ஜா அனுப்பிவைத்த இடம்

அந்த ஆகஸ்டில் டிக்கெட் ஜன்னலுக்கு வந்த எல்லோரிடமும் அர்ஜா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"இங்க வேணாம். அங்க போங்க. அதுதான் நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு, தெருவின் மறுகோடியில் இருந்த கண்ணாடிக் கதவைக் கை நீட்டிக் காட்டுவாள். சம்பளம் வாங்குகிற இடத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு போட்டிக்காரன் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

ஃபுளோரன்ஸில் எங்கள் தெரு நீளமானது அல்ல. ஆனாலும் அதில் லியனார்டோ டா வின்சிக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். அவர் தாளில் வரைந்துவைத்த இயந்திரங்களை மரத்தில் செய்து வைத்திருப்பார்கள். இரண்டிலும் தொடலாம், திருகலாம், சுற்றலாம். பெயர்ப்பலகைகூட ஏறக்குறைய ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் நடுத்தெருவில் நின்று இடதும் வலதும் பார்த்துவிட்டு, கடைசியில் வாஸ்கோவின் காபிக்கடைக்குள் வந்து கேட்பார்கள்.

"எது ஒரிஜினல்?"

"ரெண்டு இடத்துக்கும் லியனார்டோ வந்ததே இல்ல," என்பார் வாஸ்கோ. "வந்திருந்தா முதல்ல இங்க வந்து காபி குடிச்சிருப்பான்."

அந்தக் கடையில் கோப்பை கழுவுகிறவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டேன், அன்றிலிருந்து ஏதோ ஒரு தொட்டியில்தான் கை. இந்தத் தொட்டிக்கு எதிரே ஜன்னல். இடது பக்கம் பார்த்தால் பூசை நின்றுபோன பழைய தேவாலயம், அர்ஜா உட்காரும் இடம். வலது பக்கம் பார்த்தால் முன்பு வங்கியாக இருந்த கட்டடம், கண்ணாடிக் கதவு. நான் அதிகம் பேசமாட்டேன். "இந்த வாயில்லாப்பூச்சிக்குக் கண்ணுக்கும் காதுக்கும்தான் சம்பளம் குடுக்கிறேன்" என்று வாஸ்கோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இரண்டு அருங்காட்சியகங்களும் அண்ணன் தம்பியுடையவை. அண்ணன் ஒரெஸ்தே, தம்பி குவால்தியேரோ. முன்பு தேவாலயத்தில் இருந்தது ஒன்றுதான். பிரிந்தபோது எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இயந்திரங்கள், நாற்காலிகள், விளக்குகள். கடைசியில் மிஞ்சியது ஓர் உத்தரம். அவர்கள் அப்பாவின் மலைக்காட்டுக் கொட்டகையிலிருந்து இறக்கிவந்த கஷ்கொட்டை மரம். பெரிய இறக்கையைத் தொங்கவிடுவதற்காகக் கொண்டுவந்தது. எனக்குத்தான் என்று அண்ணன், எனக்குத்தான் என்று தம்பி. நடுத்தெருவில் போட்டு ரம்பத்தால் இரண்டாக அறுத்துக்கொண்டார்கள்.

"அன்னைக்குத் தெரு பூரா மரத்தூள்," என்று வாஸ்கோ இந்தக் கதையைச் சொல்லாத மாதம் கிடையாது. "என் காபியில மிதந்துச்சு. ஒருத்தன் ருசியா இருக்குன்னு இன்னொண்ணு கேட்டான்."

ஒரெஸ்தே தன் பாதியைத் தேவாலயத்துக்குள் ஏற்றி, அதில் இறக்கையைத் தொங்கவிட்டார். வௌவாலைப்போல விரிந்த பெரிய இறக்கை. கீழே ஒரு சக்கரம். வருகிறவர்கள் அதைச் சுற்றினால் கயிறு இழுபட்டு, இறக்கை மேலும் கீழும் அடிக்கும். அந்த மாதமே குவால்தியேரோவும் அச்சு அசல் அதேபோல ஒன்றைச் செய்து, கறுத்த இரும்பு உத்தரத்தில் தொங்கவிட்டார். அப்பாவுடைய மரத்தின் மறுபாதி என்னவாயிற்று என்று யாரோ கேட்டதற்கு, "பொளந்து பிட்ஸா அடுப்புல வெச்சேன், நல்லா எரிஞ்சுது" என்று அண்ணன் காதில் விழும்படி சொன்னாராம். அன்று ஒரெஸ்தே சாப்பிடவில்லை என்று வாஸ்கோ சொல்வார்.

அர்ஜா ரூஃபினா என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. திராட்சை பறித்தும், கையுறைக் கடையில் கையுறைகளுக்கு விரல் தைத்தும் வாழ்ந்தவள். புருஷன் டாரியோ சீக்கிரமே போய்விட்டான். அவர்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை உத்தரம் உளுத்துப்போயிருந்தது. தினமும் காலையில் மேசைமேல் சோளமாவு தூவியதுபோலக் கிடக்கும், இவள் துடைப்பாள். "செப்டம்பர்ல பாத்துக்கலாம்" என்றான் டாரியோ. ஆகஸ்டில் இங்கே யாரும் எதையும் பார்ப்பதில்லை. தச்சன் கடலுக்குப் போயிருப்பான், அவனிடம் சொல்ல வேண்டியவனும் கடலுக்குப் போயிருப்பான். அந்த ஆகஸ்டு முடிவதற்குள் ஒரு மதியம், டாரியோ தட்டில் அவரை விதையோடு உட்கார்ந்திருந்தபோது கூரை அவன் தலைமேல் இறங்கிவிட்டது. சின்னவளாக இருந்த மொரேனா முற்றத்தில் இருந்ததால் பிழைத்தாள்.

அந்த மொரேனாதான் இப்போது கண்ணாடிக் கதவுக்குள், குவால்தியேரோவிடம் டிக்கெட் கொடுக்கிறாள். அம்மாவோடு தேவாலயத்தில் வேலை செய்தவள், அண்ணன் தம்பி பிரிந்தபோது தம்பி பக்கம் போனாள். "சோறு போட்ட கையைக் கடிச்சவ" என்றாள் அர்ஜா. "அது உன் கையா, ஒரெஸ்தே கையா?" என்றாள் மகள். அதோடு பேச்சு நின்றது. பத்து மணிக்கு அம்மா காபிக்கு வருவாள், அவள் போனதும் மகள் வருவாள். இரண்டு கோப்பையையும் ஒரே தண்ணீரில் நான் கழுவுவேன். சில நாள் அர்ஜா ஒரு பீச் பழத்தைக் காகிதத்தில் சுற்றி என் பக்கம் தள்ளுவாள். "மீந்துபோச்சு. யாராவது வந்தா குடு." யாராவது என்றால் யார் என்று எனக்குத் தெரியும். மொரேனா தின்றுவிட்டுக் கொட்டையை என் கையிலேயே தருவாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

தூள் முதலில் தெரிந்தது ஜூனில், யோவான் திருநாள் வாணவேடிக்கை முடிந்த வாரத்தில். அர்ஜா காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இறக்கைக்குக் கீழ மாவு கொட்டிக் கெடக்கு," என்றாள் என்னிடம்.

அன்றே ஒரெஸ்தேயிடம் சொன்னாள். அவர் காபிக்கடையில் வைத்தே பதில் சொன்னார்.

"பழைய கட்டடம், பழைய மரம். தூசி கொட்டத்தான் செய்யும். உன் தலையிலயும்தான் கொட்டுது அர்ஜா, உன்னை நான் மாத்தினேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜா சிரிக்கவில்லை.

"சுத்துறப்போ இன்னும் கொட்டுது முதலாளி. வெயில்ல பளபளன்னு எறங்குது. அதைப் போட்டோ எடுக்குறாங்க."

"எடுக்கட்டுமே! இலவச விளம்பரம். தச்சனை செப்டம்பர்ல வரச் சொல்லியிருக்கேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஜூலையில் அவள் துடைப்பத்தின் கைப்பிடியில் இன்னொரு கழியை வைத்துக் கட்டினாள். தூரத்தில் நின்றபடியே, இறக்கைக்கு நேர் கீழே போகாமல், நீட்டிப் பெருக்கினாள். என் ஜன்னலிலிருந்து திறந்த கதவு வழியாகப் பார்த்தால், ஏதோ மிருகத்தைக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறவள்போல இருக்கும். பிறகு சக்கரத்தைக் கயிற்றால் கட்டி, 'பழுது' என்று அட்டை எழுதி மாட்டினாள். வந்த யாரோ பறக்கும் இயந்திரம் பறக்கவில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டார்கள். ஒரெஸ்தே அட்டையைக் கிழித்துக் கயிற்றையும் அவிழ்த்தார்.

"இன்னொரு தடவை கட்டினேன்னா, உன்னையும் சேர்த்து வெளிய கட்டி விட்டுருவேன்."

அது வெறும் பேச்சு அல்ல. அவளுக்குப் பென்ஷன் வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த வயதில் வேலை போனால் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். வாடகை வீடு. தேவாலயத்தைப் பூட்டினால் அன்றோடு முடிந்தது.

"யாருகிட்டயாவது சொல்லலாமே அக்கா," என்றேன். நான் பேசியதே அவளுக்கு ஆச்சரியம்.

"யாருகிட்ட? சொன்னவ யாருன்னு அவருக்குத் தெரியாதா? அந்தத் தூளைப் பெருக்குறவ நான் ஒருத்திதானே."

ஆகஸ்டு பிறந்தது. ஒரெஸ்தே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஃபொல்லோனிகா கடற்கரைக்குப் போனார். தம்பி வேறொரு கடற்கரைக்கு. அர்ஜா பூட்டவில்லை. கட்டவும் இல்லை. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். அங்கே பளிங்குத் தரை, இரும்பு உத்தரம். வங்கி கட்டிய சுவர். அங்கே போனால் ஒன்றும் ஆகாது என்று அவள் நினைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

"என்ன அர்ஜா, மகளுக்குச் சீதனம் சேர்க்கிறியா?" என்று வாஸ்கோ சீண்டினார். "ஒரெஸ்தேக்குத் தெரிஞ்சா உன்னைப் பதப்படுத்தி அந்த இறக்கையில மாட்டிருவார். 'லியனார்டோவின் துரோகி', தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சு."

"மாட்டட்டும். மேல ஏறினா எந்த எடம் உளுத்திருக்குன்னாவது பாத்துட்டு வருவேன்."

வலது பக்கக் கூட்டம் தெருவை அடைத்தது. கண்ணாடிக் கதவு ஓயாமல் அடித்துக்கொண்டது. வங்கிக்காரர்கள் வைத்த கனமான கதவு, கையை விட்டால் படாரென்று சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எங்கள் அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். நான் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போனேன். அர்ஜா பழகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறப்பாள்.

மாதா திருநாளுக்கு முந்தைய நாள். நகரமே காலியாகி, வெளியூர்க்காரர்களும் வெயிலும் மட்டும் மிச்சம். பத்து மணிக்கு வந்த அர்ஜா பீச் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். பின்னாலேயே மொரேனா வந்தாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"ஐஸ் போட்டுக் குடு வாஸ்கோ. செத்துட்டேன். எங்கிருந்துதான் வர்றாங்களோ. சக்கரம் ஒரு நிமிஷம் நிக்கல."

"உங்கம்மாவைக் கேளு எங்கிருந்துன்னு."

"பேச்சை மாத்து." அவள் கறுப்புச் சட்டையின் தோளைத் தட்டினாள். "பாரு, தினமும் இதே கூத்து. மேலேர்ந்து தங்கத் தூள் மாதிரி எறங்குது. லியனார்டோ மாயாஜாலம்னு கை தட்டுறாங்க."

தட்டியதில் உதிர்ந்த தூள் என் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. கரையவில்லை. மஞ்சளாக, மெல்லிசாக, சோளமாவுபோல மிதந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு மாவு கொட்டாது. கறுப்பாக இருந்ததால் நாங்கள் இரும்பு என்றோம். குவால்தியேரோ அதை அடுப்பில் வைக்கவில்லை. சாயம் பூசி மேலே ஏற்றியிருக்கிறார். அண்ணன் சாப்பிடாமல் கிடந்தால் போதும் என்று வாயால் மட்டும் எரித்திருக்கிறார். ஒரே மரம். ஒரே வண்டு. இந்தப் பக்கம் சக்கரம் சும்மா நிற்க, அந்தப் பக்கம் அது நிற்காமல் சுற்றியது. சுற்ற ஆள் அனுப்பியது அர்ஜா.

கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு ஈரக் கையோடு வெளியே ஓடினேன்.

"ஏய், வாயில்லாப்பூச்சி! எங்க போற?" என்று வாஸ்கோ கத்தினார்.

அர்ஜா ஜன்னலில் உட்கார்ந்து ரொட்டியில் தக்காளி வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதில் எனக்குச் சொல் சரியாக வரவில்லை.

"அக்கா. அங்கயும் மாவு கொட்டுது. மொரேனா தோள்ல. இரும்பு இல்லக்கா. அது மறுபாதி."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கத்தியை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இப்பதான் ஒரு பஸ்ஸை அனுப்பினேன்," என்றாள். "ரொவிகோவிலேர்ந்து. எல்லாரும் வயசானவங்க. மஞ்சத் தொப்பி."

எழுந்தாள். ஜன்னலைக்கூடச் சாத்தாமல் தெருவில் இறங்கினாள். அவள் பின்னால் நான். பதினோரு வருடமாக அந்தக் கண்ணாடிக் கதவுப் பக்கம் அவள் காலே போனதில்லை. கதவைத் திறந்து, அது அடித்துக்கொள்ளாதபடி முதுகால் தாங்கி, பூவை வைப்பதுபோலச் சாத்தினாள்.

மொரேனா அப்போதுதான் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத சீமாட்டியை அழைப்பதுபோலப் பேசினாள்.

"வாங்க சிஞ்ஞோரா. டிக்கெட்டா? முதியோருக்குத் தள்ளுபடி உண்டு."

அர்ஜா நிற்கவில்லை. உள்ளே மஞ்சள் தொப்பிகள் இறக்கைக்குக் கீழே வட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. தடித்த ஒரு பெரியவர் சக்கரத்தைச் சுற்ற, இறக்கை பெருமூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் வெயில் கீற்றில் மஞ்சள் தூள் மிதந்து வந்தது. "ஆஹா" என்றார்கள்.

அர்ஜா அவர்களுக்கு நடுவே போய், தேவாலயத்தில் கழிகட்டிய துடைப்பத்தை மட்டுமே நீட்டிய அதே மாதிரி இடத்தில், இறக்கைக்கு நேர் கீழே, சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க."

"இந்தம்மா யாரு? இதுவும் காட்சியா?" என்றார் சுற்றியவர். "விடுங்க சிஞ்ஞோரா, இப்பதான் என் முறை வந்துச்சு."

யாரும் நகரவில்லை. மொரேனா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். காது வரை சிவந்திருந்தாள்.

"அங்க கெடுத்தது போதாதா? இங்கயும் வந்து மானத்தை வாங்கணுமா? விடு, அம்மா!"

அந்த அம்மா என்ற சொல் தானாக வந்துவிட்டது.

"மேல பாரு," என்றாள் அர்ஜா, சத்தமே இல்லாமல். "உங்கப்பா தட்டுல கெடந்துச்சே. அதே மாவு. பாரு மொரேனா."

மொரேனா தன் தோளைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். கறுப்புச் சாயத்தில் ஊசி குத்தியதுபோல எத்தனையோ துளைகள். அவள் பிடித்த கை தளர்ந்தது. பிறகு நான் கேட்டதிலேயே பெரிய குரலில் கத்தினாள்.

"ரொவிகோ பஸ் யாருது? போலீஸ் இழுத்துக்கிட்டுப் போறான்!"

மஞ்சள் தொப்பிகள் கலைந்தன.

"என் மருந்து உள்ள இருக்கு!"

"டிரைவர் எங்க? தூங்கறானா, அந்தக் கழுதை?"

"என் சீஸ் பொட்டலம்! வெயில்ல வெக்காதேன்னு சொன்னேன்!"

முட்டிமோதிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் அர்ஜா சக்கரத்தை விட்டாள். விரல் ஒவ்வொன்றாக எடுத்தாள். நாங்கள் மூவரும் தெருவுக்கு வந்தோம். சக்கரம் சுற்றிய தடித்த பெரியவர் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். "பஸ் அங்கயேதானே நிக்குது!" என்று கோபமாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டார்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

எங்கள் கோப்பைகள் கிணுகிணுக்கும் சத்தம் வந்தது. பிறகு உள்ளே ஒரு முனகல், யாரோ கட்டிலில் புரண்டு படுப்பதுபோல. பிறகு விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வேறொன்றும் தெரியவில்லை, மஞ்சள் புகை மட்டும் நின்றது. பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஒருவருக்கும் காயம் இல்லை. தீயணைப்பு வண்டி வந்தது, நாடா கட்டினார்கள். வாஸ்கோ கடைக்கு வெளியே நாற்காலி போட்டு ரொவிகோக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், காசு கேட்கவில்லை. அர்ஜாவும் மொரேனாவும் கடை வாசலில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றார்கள். நான் பீச் பழத்தைக் கழுவி மொரேனாவிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டாகப் பிய்த்தாள்.

அப்போது அர்ஜாவின் போன் அடித்தது. யாரோ கடற்கரைக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். ஒரெஸ்தேயின் குரல் எனக்கே கேட்டது.

"அர்ஜா! அவன் கடை விழுந்துருச்சாமே! ஆளுக்கு ஒண்ணும் இல்லியே? நல்லது, நல்லது. இனிமே எந்த எடத்துக்குப் போறதுன்னு ஒருத்தனும் யோசிக்க வேண்டியதில்ல. ஒரே இடம்தான்! கதவை விரியத் திற. ரெண்டு சக்கரத்துக்கு வந்த கூட்டம் இனி ஒரு சக்கரத்துக்கு."

உண்மைதான். நடுத்தெருவில் நின்றவர்கள் இப்போது ஒரு பக்கம்தான் பார்த்தார்கள். தேவாலய வாசலில் அதற்குள் வரிசை சேர ஆரம்பித்திருந்தது.

"முதலாளி," என்றாள் அர்ஜா, "விழுந்தது உங்கப்பா உத்தரம். மறுபாதி."

"அதைத்தான் அவன் எரிச்சுட்டானே."

"எரிக்கல."

கடல் சத்தத்துக்கு நடுவே அவர் தொண்டையைச் செருமினார்.

"இருந்தா என்ன? அது நுனிப் பாதி. அடிமரம் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் பாத்து எடுத்தேன். கேக்குதா? இன்னைக்குப் பூட்டினேன்னா நாளைக்கு நீ வர வேண்டியதில்ல. ரெண்டு வருஷம்னு சொன்னியே, யோசிச்சுக்கோ."

அர்ஜா போனை அணைக்கவில்லை. என்னிடம் கொடுத்தாள். நான் போனில் யாரோடும் பேசாதவள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், போனுக்குள் அவர் பேசிக்கொண்டே போனார்.

அவள் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றினாள். தீயணைப்புக்காரர்களில் ஒருவர் வெயிலுக்குத் தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் சாவியை வைத்தாள்.

"எங்களோடதையும் பாத்துருங்க. நான்தான் சொன்னேன்னு எழுதிக்குங்க. பேரு அர்ஜா."

மொரேனா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீயணைப்புக்காரர் வரிசையை விலக்கிக்கொண்டு தேவாலயத்துக்குள் போனார். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்றோம். உள்ளே அவருடைய பூட்ஸ் சத்தம் நடுக்கூடம் வரை போய் நின்றது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. வரிசையில் யாரோ, "எப்ப திறப்பீங்க?" என்று கேட்டார்கள்.

அவர் வெளியே வந்தார். திரும்பி நடக்கவில்லை, மேலே பார்த்தபடியே பின்னோக்கி அடி எடுத்து வைத்து வந்தார். வாசற்படிக்கு வந்ததும் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி, குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல் சொன்னார்.

"எல்லாரும் மெதுவா பின்னால போங்க. கதவை மட்டும் யாரும் சாத்தாதீங்க."

"யாரு அது? அங்க யாரு பேசுறது?" என்று என் கைக்குள்ளிருந்து ஒரெஸ்தே கத்தினார். அந்தச் சத்தமும் உள்ளே போய்விடக்கூடாது என்று, போனை மார்போடு இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.